தேய்ந்த தோல் ஸ்டியரிங்: சாயம் போடுவதா, புதுத் தோல் தைப்பதா, வீலையே மாற்றுவதா?

கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடம் எதுவோ, என் மெர்சிடிஸ் ஸ்டியரிங்கில் தோல் செத்துப்போனது அங்கேதான். வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் ஊர் நம்முடையது. இடக்கை கியருக்கு அலையும். வலக்கை அந்த ஒரே இடத்தைப் பிடித்தபடி கிடக்கும். ஜன்னல் வெயில் விழுவதும் அந்தப் பக்கம்தான். வியர்வையும் வெயிலும் மோதிரமும் நாற்பது வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தால் மாட்டுத் தோல் என்ன, யானைத் தோலே தாங்காது.

கார் 1984-ஆம் வருடத்து 230ஈ. டபிள்யூ123 என்று பிரியர்கள் சொல்லும் வரிசை. 1976 தொடங்கி 1985 வரை கிட்டத்தட்ட 27 லட்சம் கார்கள் அந்த வரிசையில் வந்தன. ஜெர்மனியில் டாக்ஸியாக ஓடியே பேர் வாங்கிய வண்டி. மலேசியாவிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் கொண்டுவந்தது, இரண்டு கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. இந்த வண்டிக்குத் தோல் ஸ்டியரிங் என்பது அன்று தனிக் காசு கொடுத்துக் கேட்டு வாங்க வேண்டியது. பெரும்பாலான கார்களில் கெட்டிப் பிளாஸ்டிக் வீல்தான் இருக்கும். எனவே என் கையில் இருந்தது தேய்ந்ததானாலும் தூக்கிப்போடும் பொருள் இல்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். ‘ஐந்நூறு ரூபாய்க்குக் கவர் மாட்டிவிடு’ என்றார் மாமா. ‘மோமோ வீல் போட்டுவிடு, கெத்தாக இருக்கும்’ என்றான் தம்பி; அவன் சொன்னது பந்தயக் கார் பாணியிலான இத்தாலிய வீல். இணையத்தில் பார்த்தால் சாயம் போடுகிறவர்களும் தோல் தைப்பவர்களும் இரண்டு கட்சியாக நின்று சண்டை போடுகிறார்கள். நான் இதில் இரண்டு வழிகளைக் கையாலேயே செய்து பார்த்தேன். மூன்றாவதை மற்றவர்கள் வண்டிகளில் நெருக்கமாகப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். எந்த வழி சரி என்பது காரின் விலையையோ உங்கள் பட்ஜெட்டையோ பொறுத்ததல்ல. ஸ்டியரிங்கில் எது செத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் நாடி பார்க்க வேண்டும்

தோல் ஸ்டியரிங் என்பது நாலு அடுக்கு. உள்ளே உலோகக் கூடு. அதன் மேல் அச்சில் வார்த்த கெட்டி ஃபோம். அதன் மேல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று கூடுதலான கனத்தில் தோல். தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நிறப் பூச்சு. நாம் ‘தோல் தேய்ந்துவிட்டது’ என்று சொல்லும்போது பாதி நேரம் தேய்ந்திருப்பது இந்தப் பூச்சு மட்டும்தான். தோல் அடியில் நன்றாகவே இருக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவிட்டு, தேய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்துப்போல நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது, அழுக்குதான் பிரச்சினை. தோல் அந்தச் சொட்டைக் குடித்துக் கருத்தால் பூச்சு போய்விட்டது. அடுத்து நகத்தால் மெதுவாக வருடுங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. மணல் தாள்போல் சொரசொரத்து நார் நாராக எழும்பினால் தோலின் மேற்படலமே கிழிந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு வீலை இரண்டு கையாலும் பிடித்து ஈரத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். தோல் தனியாக, உள்ளே இருப்பது தனியாகச் சுழன்றால் ஒட்டும் தையலும் விட்டுப்போயின. விரலால் அழுத்தும்போது உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டால் ஃபோம் பொடியாகிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தோல் வேலை மட்டும் போதாது.

பளபளப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஸ்டியரிங் எண்ணெய் தடவியதுபோல் மின்னினால் சிலர் ‘எவ்வளவு நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள்’ என்பார்கள். அது பராமரிப்பு இல்லை, கைப்பிசுக்கு. ஆலையிலிருந்து வந்தபோது அந்தத் தோல் மினுக்கமே இல்லாமல்தான் இருந்திருக்கும்.

சுத்தம் செய்வது: பாதிப் பேருக்கு இதுவே போதும்

தண்ணீர்ச் சொட்டு நிற்கிறது, நார் எழும்பவில்லை என்றால் வேறு எதற்கும் காசு செலவழிக்காதீர்கள். கடுமையில்லாத சோப்பு நுரை, மென்மையான பிரஷ், வெள்ளைத் துணி. நுரையை மட்டும் எடுத்துத் தேய்க்க வேண்டும். தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல் நாலைந்து தடவை செய்தால், வெள்ளைத் துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும். பளபளப்பு போய், பழைய மேட் கருப்பு திரும்பி வருவதைப் பார்ப்பது ஒரு தனிச் சுகம்.

நம் வீடுகளில் தோலுக்கு முதல் எதிரி தேங்காய் எண்ணெய். ‘தோல் காய்ந்து போச்சு, கொஞ்சம் எண்ணெய் போடு’ என்பது தலைமுடிக்குச் சொல்லும் வைத்தியம். பூச்சு போட்ட தோலில் எண்ணெய் உள்ளே போகாது. மேலேயே நின்று தூசியைப் பிடித்துக் கறுக்கும். விரிசல் வழியாகப் போன கொஞ்சமும் பின்னால் சாயமோ பசையோ ஒட்டவிடாது. இரண்டாவது எதிரி 2020-க்குப் பிறகு வந்தது: கைச் சுத்திகரிப்பான். ஆல்கஹால் காய்வதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகும். மூன்றாவதைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும். ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும். என் வீலின் மேல் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் செங்கறை இருந்தது. முந்தைய உரிமையாளரின் பக்தி. எந்தச் சோப்புக்கும் அது அசையவில்லை.

சாயம் போடுவது

இங்கேதான் நான் முதலில் இறங்கினேன். கருவிகளும் மருந்துகளும் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஸ்டியரிங்கைக் கழற்றாமலேயே செய்யலாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி. நடுவிலுள்ள ஹார்ன் பேடையும் அதிலிருந்து வளையத்துக்குப் போகும் ஸ்போக்குகளையும் மாஸ்க்கிங் டேப்பால் மறைத்து, டாஷ்போர்டில் பழைய வேட்டியை விரித்துவிட்டால் போதும்.

முறை இதுதான். சுத்தம் செய்த பிறகு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து மிச்சமிருக்கும் பிசுக்கையும் தளர்ந்த பூச்சையும் எடுக்க வேண்டும். 800 நம்பர் வாட்டர் பேப்பரால் மிக லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பைச் சமப்படுத்த வேண்டும். சிறு விரிசல்களில் நெகிழும் தன்மையுள்ள லெதர் ஃபில்லரைப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். பிறகு தண்ணீரில் கரையும் தோல் சாயம். ஸ்பாஞ்சில் தொட்டு, மிக மெல்லியதாக, ஆறேழு தடவை. ஒவ்வொன்றும் காய ஹேர் டிரையர். கடைசியாகத் தெளிவான மேல்பூச்சு, அதில் கெட்டிப்படுத்தும் திரவம் சில சொட்டு. அதன் பின் குறைந்தது ஒரு முழு நாளாவது தொடக் கூடாது.

இதில் குறுக்கு வழி தேடுகிறவர்கள் ஷூ பாலிஷ் போடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். ஷூவை நாம் கையால் பிடித்துக்கொண்டு நடப்பதில்லை. ஸ்டியரிங்கில் போட்ட பாலிஷ் வியர்வையில் கரைந்து உள்ளங்கைக்கு வரும், அங்கிருந்து வெள்ளைச் சட்டைக்குப் போகும். கல்யாணத்துக்குப் போகும் வழியில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவன் சொல்கிறேன்.

சாயத்தின் பலம், அசல் தோல் அப்படியே இருப்பது. அசல் தையல், அசல் கனம், கையில் அசல் பிடி எல்லாம் மிஞ்சும். கார்க் கண்காட்சியில் நுணுக்கம் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது தையலைத்தான். அது ஆலைத் தையலாக இருந்தால் அதற்கு ஈடே இல்லை. கருப்பு ஸ்டியரிங் என்றால் நிறம் பொருத்துவதும் சிரமமில்லை. பழுப்போ நீலமோ என்றால் ஸ்போக் அடியில் வெயில் படாத இடத்துத் தோலைப் பார்த்து நிறம் கலக்க வேண்டும். அங்குதான் பலர் தோற்கிறார்கள்.

பலவீனமும் சொல்ல வேண்டும். சாயம் பூச்சுக்கு மாற்று, தோலுக்கு மாற்று இல்லை. என் வீலின் முக்கால் பாகம் சாயத்துக்குப் பிறகு புதிதுபோல் ஆனது. குங்குமக் கறையும் மறைந்தது. ஆனால் அந்த இரண்டு மணி இடத்தில் நார் எழும்பியிருந்ததைப் பார்த்தும், ஃபில்லர் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிட்டேன். எட்டு மாதத்தில் அதே இடத்தில் விரிசல் திறந்தது. ஃபில்லர் செதில் செதிலாக உரிந்தது. சாயத்தின் குற்றமல்ல; நாடி பார்த்தபோது கிடைத்த பதிலை நான் மதிக்கவில்லை. பூச்சு மட்டும் போன வீலுக்கு என்றால் இன்றும் முதல் யோசனையாகச் சாயத்தைத்தான் சொல்வேன்.

கவர் என்னும் சபலம்

மாமாவின் யோசனைக்கு அதிக இடம் தேவையில்லை. ரப்பர் வளையத்தோடு வரும் இழுத்து மாட்டும் கவர்கள் எல்லாமே வீலை ஒரு சுற்றுப் பெரிதாக்கும். வெயிலில் தளர்ந்து, திருப்பத்தில் கைக்குள் சுழலும். ஸ்டியரிங் சுழலாமல் கவர் மட்டும் சுழலும் அந்த அரை நொடி போதும். ஊசி நூலோடு வரும் தைக்கும் கவர்கள் அதைவிட மேல். இறுக்கமாகத் தைத்தால் நழுவாது. ஆனாலும் பழைய தோலின் மேல் இன்னொரு தோல். டபிள்யூ123-இன் வீல் பெரிய வட்டமும் ஒல்லியான வளையமுமாகச் செய்யப்பட்டது. அதன் அழகே அந்த ஒல்லிதான். மேலே ஒன்றைச் சுற்றினால் லாரி ஸ்டியரிங் மாதிரி ஆகிவிடும். அடியில் இருக்கும் அசல் தோலுக்குக் காற்றுப் போகாமல் வியர்வை தேங்கி, கழற்றிப் பார்க்கும்போது பூஞ்சைதான் வரவேற்கும்.

தினமும் ஓட்டும் சாதாரண வண்டிக்கு, ஒரு வருடம் தள்ள வேண்டும் என்றால், தைக்கும் கவர் பரவாயில்லை. பழைய காருக்கு இல்லை.

புதுத் தோல் தைப்பது

விரிசல் திறந்த பிறகு வேறு வழி இல்லை. முதலில் போனது கோவை உக்கடம் பக்கம் ஒரு குஷன் கடை. கடைக்காரர் வீலைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதைக் கழட்டவே வேண்டாமுங்க. வண்டியிலயே வெச்சு, பழசு மேலயே சுத்தித் தைச்சுக் குடுத்தர்றேன், ரெண்டு மணி நேரம்” என்றார். “பழசை எடுத்துட்டுத் தைக்க முடியாதுங்களாண்ணா?” என்றேன். “எடுக்கலாமுங்க. ஆனா எதுக்குங்க? மெத்துனு இருக்குமுல்ல” என்றார். விலை மூவாயிரம். தோல் என்று காட்டியது நல்ல ரெக்சின்.

அவர் மேல் தவறில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது மெத்தென்று தடித்த வீல்தான். ஆனால் பழைய காருக்குத் தோல் தைப்பதென்றால் கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்: வீலைக் கழற்றிச் செய்வீர்களா? பழைய தோலை முழுக்க எடுப்பீர்களா? தோல் எத்தனை மில்லிமீட்டர்? மூன்றாவது கேள்விக்கு யோசிக்காமல் பதில் வருகிறதா என்று பாருங்கள். வேலை தெரிந்தவரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கழற்றுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை, என் வண்டியைப் பொறுத்தவரை. நடுவிலுள்ள ஹார்ன் பேடை விளிம்பில் பிடித்து இழுத்தால் கையோடு வரும். அடியில் ஒரே ஒரு போல்ட், 10 மி.மீ. ஆலன் கீ. சக்கரங்களை நேராக நிறுத்தி, தண்டிலும் வீலிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது நேர் ரோட்டில் வீல் கோணலாக நிற்கும். போல்ட்டைத் தளர்த்தும்போது ஸ்டியரிங் லாக்கின் மேல் பலத்தைப் போடாமல் ஒருவர் வீலைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டும்போது புது போல்ட், கையேட்டில் சொன்ன இறுக்கம்.

ஏர்பேக் உள்ள வீல் என்றால் கதை வேறு. மெர்சிடிஸ் தன் எஸ் கிளாஸில் 1981 வாக்கிலேயே ஓட்டுநர் ஏர்பேக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. எனவே ‘பழைய கார்தானே’ என்று நினைத்துக் கையை வைக்காதீர்கள். பேட்டரி இணைப்பை எடுத்து, காத்திருந்து, முறை தெரிந்த மெக்கானிக்கை வைத்துக் கழற்ற வேண்டும். நடுமூடியின் மேல் தோல் ஒட்டுவது, சாயம் அப்புவது எதுவும் கூடாது. அது கிழிய வேண்டிய இடத்தில் கிழிய வேண்டிய பொருள்.

இனி தோல். தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு தோலுக்கு அலைவது விசித்திரமான அனுபவம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு என்று வரிசையாகப் பதனிடும் ஊர்கள். அடையாறில் 1948-இலிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். ஆனால் தனி ஆளாகப் போய் இரண்டு சதுர அடி கேட்டால் சிரிக்கிறார்கள். முழுத் தோலாக, சதுர அடிக் கணக்குப் போட்டுத்தான் தருவார்கள். ஸ்டியரிங்குக்குக் கணக்குப்படி ஒன்றரைச் சதுர அடி போதும். தழும்பும் சுருக்கமும் இல்லாத இடம் பார்த்து நாலு பட்டை வெட்ட வேண்டியிருப்பதால் நாலு சதுர அடியாவது கையில் இருக்க வேண்டும். சோபா, ஷூ செய்கிறவர்களிடம் மீந்த துண்டுகள் கேட்பதே நடைமுறைக்கு ஒத்தது. எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

எந்தத் தோல் என்பதில் ஒரு தப்பான ஆசை எனக்கு இருந்தது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் மரபு நம்முடையது. அந்த வழியில் வந்த கிழக்கிந்தியத் தோல் புவிசார் குறியீடே பெற்றிருக்கிறது. பழைய காருக்கு நம்மூர்ப் பழைய தோல் போட்டால் என்ன என்று தோன்றியது. ஷூ வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் தடுத்தார். தாவரப் பதனிட்ட தோல் ஈரத்தோடு சேர்ந்த சூட்டில் 70, 80 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். குரோம் உப்பு கொண்டு பதனிட்டது கொதிக்கும் தண்ணீரையே தாங்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட அளவீட்டில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரியும் ஸ்டியரிங் 53 டிகிரியும் தொட்டிருந்தன. ஒரு மணி நேரத்துக்கே அந்தக் கணக்கு. நம் சித்திரை வெயிலில் நாள் முழுக்க, வியர்வை ஈரத்தோடு என்றால் விளிம்பில் நடப்பதுதான். போதாததற்குப் பூச்சில்லாத தாவரத் தோல் கைபட்ட இடமெல்லாம் கறுக்கும். பைக்கும் பெல்ட்டுக்கும் அது அழகு. ஸ்டியரிங்குக்குத் திட்டுத் திட்டாகத்தான் தெரியும். எனவே குரோம் பதனிட்ட, பூச்சுப் போட்ட மாட்டுத் தோல், 1 முதல் 1.2 மி.மீ. வரை. ஜாக்கெட்டுக்கு வரும் ஆட்டுத் தோல் மெலிசு. அடியிலுள்ள ஃபோமின் மேடு பள்ளமெல்லாம் தெரியும். ஷூவுக்கு வரும் தடித்த தோலோ ஸ்போக் வளைவில் மடங்காது.

தைப்பதில் உள்ள சூட்சுமம் பழைய தோலைப் பிரித்தபோதுதான் புரிந்தது. ஆலையில் தோலைக் குத்திக் குத்தி இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைக்கவில்லை. முதலில் பட்டையின் ஒவ்வொரு ஓரத்திலும் மிஷினில் நேர் தையல் ஒன்று ஓட்டியிருக்கிறார்கள். பிறகு வீலில் சுற்றி, மொண்ணை ஊசியால் அந்த மிஷின் தையலின் கண்ணிகளுக்குள் மட்டும் நூலை விட்டு, ஷூ லேஸ் கட்டுவதுபோல் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்திருக்கிறார்கள். தோலில் புது ஓட்டை விழாது. இழுவிசை எல்லாம் மிஷின் தையலில் பரவிப் போகும். குஷன் கடைத் தையல் ஒரு வருடத்தில் ஓரம் கிழிவதும் ஆலைத் தையல் நாற்பது வருடம் நிற்பதும் இதனால்தான்.

இன்னொன்று அளவு. தோல் பட்டையை வீலின் சுற்றளவுக்குச் சரியாக வெட்டினால் தோல்விதான். உள்வட்டத்தில் இரண்டு ஓரங்களும் சேராமல் அரை சென்டிமீட்டராவது இடைவெளி நிற்கும்படி சிறிதாக வெட்டி, நூலால் இழுத்து மூட வேண்டும். அந்த இழுப்புதான் தோலை வீலோடு ஒட்டிப் பிடிக்கும். பழைய தோலை அச்சாக வைத்து வெட்டுகிறவர்கள் இதில் ஏமாறுவார்கள். அது நாற்பது வருடம் இழுபட்டு அகன்ற தோல். அதன் கோட்டிலிருந்து சற்று உள்ளே வெட்ட வேண்டும்.

ஸ்போக் வரும் இடங்களில் தோலின் ஓரத்தைச் சீவி மெல்லியதாக்கி, பசை தடவி, பள்ளத்துக்குள் மொண்ணைக் கத்தியால் தள்ள வேண்டும். சீவும் வேலை ஷூ தைப்பவர்களுக்குக் கைவந்த கலை. குஷன் கடைகளில் பெரும்பாலும் சீவுவதில்லை. அதனால்தான் ஸ்போக் ஓரத்தில் தோல் புடைத்து நிற்கும். எனக்கு ஓரம் சீவி, மிஷின் தையல் ஓட்டித் தந்தது அந்தப் பெரியவர். வீலில் இழுத்துத் தைத்தது நான். முதல் பாதிக்கு ஒரு முழு ஞாயிறு. மீதிப் பாதி அடுத்த ஞாயிறு. விரல் நுனிகள் ஒரு வாரம் எரிந்தன. மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல், 0.8 மி.மீ. பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும், வேண்டாம். கடைசியில் ஹேர் டிரையரால் சூடு காட்டினால் சிறு சுருக்கங்கள் தானே இறங்கும்.

செலவு? தோல் துண்டுகள், நூல், பசை, பெரியவரின் கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்தைத் தாண்டவில்லை. இதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு அனுப்ப விசாரித்தபோது அதைப்போல மூன்று மடங்கு கேட்டார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பினால் போக வர கூரியரும் சுங்கமும் வேலையின் விலையையே மிஞ்சும். கையில் பொறுமை இல்லாதவர்களுக்கு உள்ளூர் நிபுணரிடம் கொடுப்பதே நல்லது. ஆனால் வீலைக் கழற்றிக் கொடுங்கள், பழைய தோலைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள், ‘தடிப்பாக்க வேண்டாம்’ என்று எழுதியே கொடுங்கள்.

வேறு வீல்

தம்பியின் யோசனையையும் நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. மோமோ 1964-இல் ஜான்பியேரோ மொரெட்டி என்ற இத்தாலியப் பந்தய ஓட்டுநர் தொடங்கியது. நார்டி, மோட்டோலிட்டா போன்ற பெயர்களும் பழைய கார்களோடு சேர்ந்தே வளர்ந்தவை. அந்தந்தக் காலத்திலேயே உரிமையாளர்கள் மாட்டிய வீல்கள் அவை. ஒரு பழைய ஃபியட்டிலோ பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரிலோ அவை பொருந்தும். என் வண்டி ஒரு கனமான சாதுக் கார். பெரிய வீலைச் சாவகாசமாகச் சுழற்றி ஓட்டுவதற்கென்றே அளவெடுத்தது. அதில் சின்னப் பந்தய வீலை மாட்டுவது தாத்தாவுக்கு ஜீன்ஸ் போடுவதுபோல. போலி மோமோக்கள் சந்தையில் மலிந்து கிடப்பதும், வீலுக்கும் தண்டுக்கும் நடுவே வரும் இணைப்பு பாஸ் தரமில்லாமல் போனால் விளைவு என்ன என்பதும் தனிக் கவலை.

அதே மாடலின் பழைய வீலைத் தேடி வாங்குவது இன்னொரு வழி. இங்கே ஒரு வினோதம்: தோல் வீல் தேடினால் கிடைப்பது உங்களுடையதைப்போலவே தேய்ந்த வீல்தான். தேயாததை யாரும் விற்பதில்லை. ஆனால் உங்கள் வீலின் ஃபோம் நொறுங்கிப்போயிருந்தால் இது ஒன்றே வழி. நல்ல கூடும் ஃபோமும் உள்ள, தோல் கெட்ட வீலை மலிவாக வாங்கி அதற்குப் புதுத் தோல் தைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், மாற்று வீல் வாங்குவதற்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு: அசல் வீலைப் பத்திரப்படுத்திவிட்டு, மாற்று வீலில் தைத்துப் பழகலாம். முதல் முறை தைத்தபோது நான் செய்த தவறுகள் என் அசல் வீலிலேயே நடந்தன.

அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் படித்துச் சிரிக்கலாம். அவர்கள் வீல் கெட்டிப் பிளாஸ்டிக். அதன் நோய் வெடிப்பு, மருந்து எபாக்ஸி. அது தனிக் கதை.

தைத்து முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு மணி இடத்தில் லேசாக மினுக்கம் வரத் தொடங்கியிருக்கிறது, அதாவது என் கைப்பிசுக்கு. மாதம் ஒரு முறை சோப்பு நுரை, வெயிலில் நிறுத்தினால் வீலின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு, அவ்வளவுதான் பராமரிப்பு. கழற்றிய பழைய தோலை நாலு பட்டைகளாக நோட்டுப் புத்தகத்துக்குள் அழுத்தி வைத்திருக்கிறேன். போன ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது வண்டியின் முன் கொஞ்சம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் பொட்டு ஹார்ன் பேடின் பிளாஸ்டிக்கில் வைக்கப்பட்டது. மறுநாள் காலை ஈரத் துணியால் துடைத்தேன், போய்விட்டது.